இருபதுக்கு இரண்டு குறைவு

நெவில் ஹால்ஸ்டெட் கடைவீதியில் முழங்காலிட்டிருக்கிறார். முழங்காலுக்கு அடியில் மடித்த செய்தித்தாள், கையில் இரும்பு ஸ்கேல். ரொட்டிக்கடை வாசலில் ஒரு கல் பக்கத்துக் கல்லைவிடக் கொஞ்சம் தலைதூக்கி நிற்கிறது. அதன் விளிம்பில் ஸ்கேலை நிறுத்தி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு படிக்கிறார். இருபத்திரண்டு மில்லிமீட்டர். மஞ்சள் பெயிண்டால் சுற்றிலும் கட்டம் போடுகிறார். பத்து நாளில் ஆட்கள் வந்து சரிசெய்துவிடுவார்கள். அடுத்த கல் பதினேழு. அதற்குக் கட்டம் கிடையாது.

"ஏன் நெவில், நீ தலை நிமிந்து நடந்து நான் பாத்ததே இல்லையே. மேல வானம்னு ஒண்ணு இருக்கு, தெரியுமா?" என்கிறாள் ரொட்டிக்கடை கிளெனிஸ்.

"வானத்துல தடுக்கி விழுந்து யாரும் கேஸ் போட்டதில்ல கிளெனிஸ்."

வடக்கு இங்கிலாந்தில் இருக்கும் எங்கள் சிறு ஊருக்கு இருபத்தாறு வருடமாக இவர்தான் நகராட்சியின் நடைபாதைப் பரிசோதகர். கடைவீதியை மாதம் ஒருமுறையும் மற்ற தெருக்களை மூன்று மாதத்துக்கு ஒருமுறையும் நடந்து பார்ப்பார். கல் இருபது மில்லிமீட்டர் தூக்கியிருந்தால் அது பழுது. அதற்குக் குறைந்தால் வெறும் நடைபாதை. யாராவது விழுந்து வழக்குப் போட்டால், நகராட்சிக்காகச் சாட்சிக் கூண்டில் ஏறுவதும் இவரே.

சட்டத்தை நாலே வாக்கியத்தில் சொல்லிவிடுவார். "விழுந்தவங்க பாவம்தான். ஆனா பாவம் வேற, தப்பு வேற. ஊரையே வழவழன்னு வெச்சிருக்கணும்னு எந்தச் சட்டமும் சொல்லல. நியாயமான கவனம் எடுத்துக்கிட்டமா, அவ்வளவுதான் கேள்வி." இந்த 'நியாயமான' அவர் வாயில் ஒட்டிக்கொண்டுவிட்டது. டீ நியாயமான சூட்டில் இருக்க வேண்டும். மழைகூட நியாயமான மழையாகத்தான் பெய்யும்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. யாரிடமும் "பாத்து நடங்க" என்று சொல்லவே மாட்டார். பார்வை மங்கிய கிழவர் எதிரே தடுமாறி வந்தால் ஓடிப்போய்க் கையைப் பிடிப்பாரே தவிர, வாயைத் திறக்க மாட்டார். "பாத்து நடங்கன்னு சொல்லிட்டா, அங்க ஆபத்து இருக்குன்னு எனக்குத் தெரியும்னு ஆயிடும். தெரிஞ்சும் ஏன் விட்டேன்னு வக்கீல் கேப்பான்ல?" நகராட்சியின் பயிற்சி வகுப்பில் கற்றது. மனிதனுக்கு இப்படியொரு பாடத்தைச் சொல்லிக்கொடுத்தவர்களை நினைத்தால் எனக்கு வயிறு எரிகிறது. அதை இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொண்டவர்மேலும் கோபம்தான்.

முந்தின வருடம் நவம்பரில் மருந்துக்கடை வாசலில் ஒரு கல் தடுக்கி விழுந்தது அவருடைய அக்கா பாலின். வலது மணிக்கட்டு இரண்டு இடத்தில் முறிந்தது. பள்ளிக்கூடச் சமையலறையில் கனமான தட்டங்களைத் தூக்கி இறக்கியே காலம் தள்ளியவள் அவள். எலும்பு கோணலாகக் கூடியது, கையில் பிடிப்பு போயிற்று, கூடவே வேலையும் போயிற்று. தப்பு நகராட்சியுடையது என்று யாராவது ஒருவர் வாயால் சொல்ல வேண்டும் என்பதற்காகவே வழக்குப் போட்டாள். விழுவதற்கு ஒன்பது நாள் முன்பு அந்தக் கல்லை அளந்து நெவில் எழுதியிருந்தது: பதினெட்டு. அவளுடைய வக்கீல் ஆளனுப்பி அளந்தபோதும் அதே பதினெட்டுதான்.

அக்காவின் வழக்காயிற்றே, சாட்சி சொல்வது கஷ்டமாக இருக்குமா என்று மேலதிகாரி நெவிலைக் கேட்டார். அளந்தது நீங்கள், வேறு யார் சொல்ல முடியும் என்று அதே மூச்சில் அவரே முடித்தும்விட்டார்.

இந்த மார்ச்சில் விசாரணை நடந்தது. பாலினின் வக்கீல் சின்ன வயதுப் பெண். அளவை வைத்து ஒன்றும் தேறாது என்று தெரிந்ததும், உட்காரப் போனவள் திரும்பி ஒரு கேள்வி கேட்டாள்.

"தினமும் அந்த வழியாத்தானே வீட்டுக்குப் போறீங்க? அந்தக் கல்லு மேல காலை வெப்பீங்களா?"

நகராட்சி வக்கீல் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"இல்லைங்க. சுத்திக்கிட்டுப் போவேன்."

"எவ்வளவு நாளா?"

"அக்கா விழுந்த வருஷம் கோடையிலேர்ந்து."

இத்தனை வருடத்தில் நகராட்சிக்கு எதிராக அவர் சொன்ன முதல் வார்த்தை அது. அக்காவுக்காகத்தான் சொன்னார். இந்த ஒன்றிலேயே அவள் ஜெயித்துவிடுவாள் என்று நம்பினார்.

அரை மணி நேரத்தில் தீர்ப்பு வந்தது. நாள் முழுக்கக் கற்களையே பார்ப்பவர் ஒதுங்கி நடப்பது அவருடைய தொழில் பழக்கம். அதை வைத்து நகராட்சியை அளக்க முடியாது. சாதாரணமாக நடந்து போகிறவர்களுக்குப் பதினெட்டு மில்லிமீட்டர் ஆபத்து ஆகாது. விழுந்தது துரதிர்ஷ்டம், கவனக்குறைவு அல்ல. வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டு, திரு. ஹால்ஸ்டெட்டின் நேர்மையைப் பாராட்டுவதாகவும் நீதிபதி சொன்னார். அந்தப் பாராட்டு யாருக்கு வேண்டியிருந்தது என்று தெரியவில்லை.

வெளியே தாழ்வாரத்தில் பாலின் ஒற்றைக் கையால் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தாள்.

"கோடையிலேர்ந்தாடா?"

"உனக்காகத்தான் சொன்னேன்க்கா. வேலை போனாலும் போகட்டும்னுதான் சொன்னேன்."

"அவங்ககிட்ட சொன்னே. ஞாயித்துக்கிழமை தவறாம உன் வீட்டுக்குச் சாப்பிட அந்த வழியாத்தானே வந்தேன். என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா?"

"அப்படிச் சொல்லக் கூடாதுக்கா. தெரியும்னு ஆயிடும்..."

"நான் என்ன, வக்கீலாடா?"

நெவில் குனிந்து அவளுடைய கோட்டுப் பொத்தான்களைப் போட ஆரம்பித்தார். மேலிருந்து கீழ்வரை ஆறு. பாலின் மறுக்காமல் நேராக நின்றாள். கடைசிப் பொத்தானையும் போட்டுவிட்டு அவர் நிமிர்ந்ததும், இடக்கையால் ஒவ்வொன்றாக, அவசரப்படாமல், ஆறையும் கழற்றினாள். பிறகு கோட்டைத் திறந்து போட்டபடியே மழையில் இறங்கிப் போனாள்.