கடைசிப் பங்கைச் சொல்ல வந்த வெள்ளிக்கிழமை

எங்கள் அக்கா இல்லாமல் ஒரு வருஷம் கழிந்துவிட்டது. இந்த நினைவு மலரில் எழுத என்னைவிடத் தகுதியுள்ளவர்கள் குடும்பத்தில் உண்டு. அப்பா என்னைத்தான் எழுதச் சொன்னார். எதையாவது விட்டிருந்தாலும், சொல்லவேண்டாததைச் சொல்லியிருந்தாலும் பெரியவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அக்கா பிறந்தது மயிலையில், சித்திரைக் குளத்தை அடுத்த தெருவில், அப்பா இன்றும் இருக்கும் வீட்டில். பாலியத்திலேயே விவாகமாகி, புக்ககம் போவதற்கு முன்பே கணவரை இழந்த துயரமும் வந்துவிட்டது. அப்பா கோவில் மடப்பள்ளியில் வேலை பார்த்தவர். இங்கிலீஷில் ஓர் எழுத்தும் அறியாதவர். பந்துக்கள் பேசியதையெல்லாம் கேட்டுக்கொண்டு அவர்தான் அக்காவைப் படிக்க அனுப்பினார். அம்மா இல்லாத வீட்டில் சமையலையும் என்னையும் கவனித்துக்கொண்டே அக்கா படித்து, பெண்கள் ஹைஸ்கூல் ஒன்றில் இங்கிலீஷ் உபாத்தியாயினி ஆனார்.

கோடை விடுமுறையில் மேல்வகுப்புப் பெண்கள் எங்கள் கூடத்துக்கு வருவார்கள். கதைப் புத்தகம் ஒன்றுதான் இருக்கும். ராயப்பேட்டை பைண்டர் அதன் தையலைப் பிரித்துப் பங்கு பங்காகக் கட்டிக் கொடுப்பார். ஆளுக்கு ஒரு பங்கு. தன் முறை வரும் வாரத்தில் அதை வீட்டில் படித்து, வெள்ளிக்கிழமை காகிதத்தைப் பார்க்காமல் இங்கிலீஷிலேயே மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். விடுமுறை முடிந்ததும் புத்தகம் மறுபடி தைக்கப்படும். அக்காவும் தாம் படித்திராத புத்தகத்தையே எடுப்பார். தெரிந்த கதையென்றால் நம் காது தப்பைத்தான் தேடும் என்பார். ஒருத்தி சொல்லி முடித்ததும் தமிழில் ஒரே கேள்வி கேட்பார்: “இதுல எதை நீ நம்பலை?” அதற்குப் பதில் சொல்லத்தான் பெண்கள் அதிகம் யோசிப்பார்கள்.

கடைசியாகப் பிரித்த புத்தகம், கடலில் காணாமற்போன ஒரு மாலுமியின் மகளைப் பற்றியது. தினமும் அவள் துறைமுகத்தில் போய் நிற்கிறாள் என்று ஒருத்தி சொல்லிக்கொண்டிருந்தபோது, “ஏண்டி, அவாத்துல அடுப்பே மூட்டறதில்லையா?” என்றாள் இன்னொருத்தி. அக்கா சிரித்தார்; சிரிப்பு இருமலாகி, வெகுநேரம் நிற்கவில்லை. அந்த இருமல்தான் பிறகு க்ஷயரோகம் என்று தெரிந்தது.

கடைசிப் பங்கு பைண்டரின் மகள் ஹமீதாவிடம் இருந்தது. அவள் சொல்லவேண்டிய வெள்ளிக்கிழமைக்கு முன்பே ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணம் காலியாயிற்று. பைண்டர் குடும்பமும் ஆம்பூருக்குப் போய்விட்டது. அக்காவை அசைக்கக்கூடாதென்று டாக்டர் சொன்னதால் அப்பா மயிலையிலேயே தங்கினார். நானும் புக்ககத்திலிருந்து கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தேன். வந்தது சரியா என்று தினமும் யோசித்தேன். வராமல் இருந்திருந்தால் அதைப் பற்றியும் யோசித்திருப்பேன். அக்கா என்னை அறைக்குள் விடவில்லை. “குழந்தையைத் தூக்கிண்டு வாசப்படி தாண்டாதே” என்பார். நிலைப்படிக்கு வெளியே நின்றே அவருடன் பேசினேன். என் குழந்தையை அக்கா ஒரு தரமும் எடுத்துக் கொஞ்சவில்லை.

கண் விழிக்கும்போதெல்லாம் ஹமீதா வந்தாளா என்று கேட்பார். வேறு பிரதி தேடி வாங்கி வரட்டுமா என்று அப்பா கேட்டதற்கு, “அது அவ பங்கு. அவதான் சொல்லணும்” என்றார்.

ஜனங்கள் திரும்பத் தொடங்கியபோது, ஒரு செவ்வாய்க்கிழமை ஹமீதா தகப்பனாருடன் வந்தாள். பங்கைத் துணியில் சுற்றி மார்போடு அணைத்திருந்தாள். நிலைப்படிக்கு வெளியே, என் பக்கத்தில் நின்று, “டீச்சர், முடிவு சொல்லட்டுங்களா?” என்றாள். அக்காவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன்.

“இன்னிக்கு வேண்டாம். எல்லாருந்தானே காத்துண்டிருக்கா? வெள்ளிக்கிழமை மத்தவாளையும் கூட்டிண்டு வா” என்றார்.

அன்றைக்கே சொல்லச் சொல்லி நான் வற்புறுத்தியிருக்கலாமோ என்று இன்றும் தோன்றுகிறது. வற்புறுத்தினாலும் அக்கா கேட்டிருக்கமாட்டார். வியாழக்கிழமை விடியற்காலையில் அவர் மூச்சு அடங்கிற்று.

சேதி தெரியாமலே வெள்ளிக்கிழமை பெண்கள் வந்தார்கள். விஷயம் தெரிந்ததும் சுவரோரமாக உட்கார்ந்து அழுதார்கள். துக்க வீட்டில் கதையா என்று உறவினர் ஒருவர் முணுமுணுத்தார். அப்பா, “அவ வரச்சொன்ன நாள். சொல்லட்டும்” என்றார்.

ஹமீதா எழுந்து நின்று சொன்னாள். காகிதத்தைப் பார்க்கவில்லை. மாலுமி பிழைத்துத் திரும்பி வருகிறார். மகள் அவரை அடையாளம் கண்டுகொள்கிறாள். அவ்வளவுதான் முடிவு. சொன்னபிறகும் அவள் உட்காரவில்லை. அந்தக் கேள்வி வராமல் உட்கார அவளுக்குத் தெரியவில்லை.

ஒரு வார்த்தையும் புரியாமல் கேட்டுக்கொண்டிருந்த அப்பா, இத்தனை கோடைகளாகக் காதில் விழுந்ததைக் கேட்டார்: “இதுல எதை நீ நம்பலை, குழந்தே?”

“அவரு திரும்பி வந்தாருன்னு போட்டுக்கீதே ஐயா, அதத்தான் நம்பல” என்றாள் ஹமீதா.

பட்டணமே காலியானபோதும் வந்து பார்த்த டாக்டருக்கும், எங்களுக்குத் துணையாகத் தெருவில் தங்கிய அண்டைவீட்டாருக்கும், அக்காவின் மாணவிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நமஸ்காரம். பைண்டர் அந்தப் புத்தகத்தைத் தைத்துத் தந்துவிட்டார். பெண்கள் கேட்டுக்கொண்டதால் இந்தக் கோடையில் வேறொன்றைப் பிரித்தும் கொடுத்தார். வெள்ளிக்கிழமைகளில் கூடத்தில் கதை நடந்தது. ஒவ்வொருத்தியும் சொல்லி முடித்ததும் கேள்வியை அப்பாதான் கேட்டார்.