கறை படாத பதிவேடு

நீங்கள் சொன்னது பொய், முன்னாள் கவுன்சிலரே. போன வாரம் வணிக வளாகத்தின் ஆண்டு விழாவில் மைக்கைப் பிடித்து, "இங்க ஒரு பாழடைஞ்ச கட்டடம் இருந்துச்சு, ஒருத்தனும் உள்ள போனதில்ல" என்றீர்கள். நான் அங்கே செருப்புக் கடையில் ஒரு காலில் மட்டும் புதுச் செருப்போடு நின்றிருந்தேன். புதுத் தோல் வாசனை அடித்தது. வாசனை என்று இப்போது சொல்கிறேன். தொண்ணூறுகளில் நாற்றம் என்றுதான் சொல்வேன்.

அந்தக் கட்டடம் ஆம்பூரின் பழைய படிப்பகம். சுண்ணாம்புச் சுவர், தேக்கு உத்தரம், நடுவில் நீள மேசை. பகலில் நான் ஷூ கம்பெனியில் கிளார்க். சாயங்காலம் படிப்பகச் சாவி என்னிடம். ஷிப்ட் விட்டதும் தோல் பதனிடும் ஷெட் ஆட்கள் வருவார்கள். சாயம் ஏறிய கையால் பேப்பரைத் தொடக் கூச்சப்படுவார்கள். சுத்தமான கை உள்ள யாராவது சத்தமாகப் படிக்க வேண்டும், சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். பெரும்பாலும் நான்தான் படிப்பேன். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்.

முனுசாமி அண்ணன் ஷெட்டில் தோலுக்குச் சாயம் ஏற்றுகிறவர். "கிரிக்கெட்ட அப்புறம் படி வாத்யாரே, பாலாத்துத் தண்ணி சேதி இன்னா ஆச்சு?" என்பார். ஒரு நாள் வருகைப் பதிவேட்டைக் காட்டி, "நானும் கையெழுத்துப் போடறேன்பா" என்றார்.

"கையப் பாருண்ணே. நோட்டு வீணாப்பூடும்."

"கழுவிட்டுத்தான் வந்தேன். இது போவாது. தோலோட சேந்து என் கையும் பதமாய்டுச்சு, ஷூ தெச்சிக்க வேண்டியதுதான்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பேனாவைக் கொடுக்கவில்லை. அவர் பெயரை நானே எழுதியிருக்கலாம், அதுவும் செய்யவில்லை. பிறகு ஷெட் ஆட்கள் யாருமே கேட்கவில்லை.

இரண்டாயிரத்துக்குப் பிறகு, படிப்பகத்தை இடித்து வளாகம் கட்டலாமா என்று விசாரிக்க நகராட்சியிலிருந்து வந்தவர்கள் பதிவேட்டைக் கேட்டார்கள். பெருமையாக நீட்டினேன். அடித்தல் இல்லை, கறை இல்லை. மாதத்துக்கு நாலைந்து கையெழுத்து. உபயோகத்தில் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்கள்.

"தெனம் வந்தமே, நாங்க இன்னா பேயா வாத்யாரே?" என்றார் முனுசாமி அண்ணன். அவர் இப்போது இல்லை. ஷிப்ட் விட்டால் ஆட்கள் நேராக பைக்கில் ஏறிப் போய்விடுகிறார்கள். யாரும் யாருக்கும் எதையும் படித்துக் காட்டுவதில்லை.

என் தப்பை எழுதிவிட்டேன். இனி நீங்கள். நகராட்சிக் கூட்டத்தில் இடிப்பதற்கு ஆதரவாகக் கை தூக்கினீர்களே, அதற்கு முந்தின வாரம் படிப்பகத்துக்கு வந்தீர்கள். பெஞ்சில் நகர்ந்து உங்களுக்கு இடம் விட்டார்கள். தேர்தல் செய்தியை முழுக்கக் கேட்டுவிட்டுத்தான் எழுந்தீர்கள். படித்தவன் நான். ஊரைக் கூட்டி, அதே மைக்கில் சொல்லுங்கள்: அன்று உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் யார்?