இரண்டாயிரம் வருஷம் தாங்கும் பெட்டி

சவப்பெட்டிப் பட்டறையில் வேலை என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது "பயமில்லையா?" என்றுதான், இரண்டாவது கேள்வியை ஒருவரும் கேட்பதில்லை, அதற்குள் வேறு ஆளோடு கதைக்கப் போய்விடுவார்கள். செய்கிற வேலையைச் சபையில் சொல்ல முடியாமல் தவிக்கிறவர்கள் வாசகர்களிலும் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஃபர்னிச்சர்

நாங்கள் வந்து குடியேறிய இந்த நாட்டில், ஹில்ஸ்பரோவில் என் மனைவியின் தம்பி வீட்டில் பிள்ளையின் பிறந்தநாள். நான் அதிகம் படிக்காதவன். ஐந்தாம் வகுப்போடு உளியைப் பிடித்தவன். அப்படிப்பட்ட கூட்டங்களில் ஒரு மூலையில் இருந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடுவேன். அன்றைக்கு ஒரு டொக்டர் பக்கத்தில் வந்து இருந்து, ஐயா என்ன வேலை என்று மரியாதையாகக் கேட்டார். நானும் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். கேக் தட்டோடு போய்க்கொண்டிருந்த மச்சான் அப்படியே திரும்பி எங்களுக்கு நடுவில் வந்து நின்றான். அதற்குப் பிறகு நான் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. மனைவி போய்வருவாள், நான் காருக்குள் இருப்பேன். அவன் சொன்னது இதுதான்: "அத்தான் ஃபர்னிச்சர் செய்யிறவர். எல்லாம் ஓடருக்கு மட்டும்தான்."

தட்டிப் பார்த்தவர்

எங்கள் சைவ ஆட்களுக்கு இங்கே பெட்டி என்பது ஒரு நாள் காரியம். எரிக்கிற இடத்தில் பெட்டி இல்லாமல் எடுக்கமாட்டார்கள், அதனால் வாங்குகிறோம். மரத்தூளை அமுக்கிச் செய்த மெல்லிய சிப்போர்ட், மேலே மரம் மாதிரி ஒட்டின தாள். நெருப்புக்குப் போவதற்கு நல்ல மரம் எதற்கு? உலகத்தில் எல்லாரும் இப்படித்தான் நினைப்பார்கள் என்று நான் இருந்தேன். ஒரு நாள் கிளென்ஃபீல்டில் இருந்து லின் என்கிற சீனக் கிழவர், மெய் என்கிற தன் மனைவியோடு பட்டறைக்கு வந்தார். காட்சிக்கு வைத்திருந்த பெட்டியை விரலால் தட்டினார், காது கொடுத்துக் கேட்டார், தலையை ஆட்டினார். தனக்கும் மனைவிக்கும் சைப்ரஸ் மரத்தில் இரண்டு பெட்டி வேண்டும் என்றார். பலகை கனமாக இருக்க வேண்டும், இரும்பு ஆணி கூடாது, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் புதைக்க வேண்டும்.

அவருக்குத் தெரிந்த இங்கிலீஷையும் எனக்குத் தெரிந்ததையும் சேர்த்தால் ஒரு ஆளுக்குத்தான் காணும். ஆனாலும் விளங்கியது. இளவயதில் அவருடைய ஊரில் பழைய கல்லறைகளைத் தோண்டிய இடத்தில் மண் சுமந்திருக்கிறார். கிணறு போல ஆழக் குழி. அடியில் பெரிய மரப்பெட்டி, அதற்குள் இன்னொன்று, அதற்குள் இன்னொன்று. சுற்றிவரக் கரியும் வெள்ளைக் களிமண்ணும் போட்டு அடைத்திருந்தார்களாம். மூடியைத் தூக்கியபோது குழி விளிம்பில் நின்று எட்டிப் பார்த்திருக்கிறார். இரண்டாயிரம் வருஷம் கிடந்த பலகை, நேற்றுச் சீவினது மாதிரி மஞ்சளாக இருந்ததாம். வேறொரு இடத்தில் அரசனுடைய பெட்டியைச் சுற்றி சைப்ரஸ் மரத்தின் வயிரம் பாய்ந்த நடுக்கட்டைகளையே சுவராக அடுக்கி, வெட்டுமுகம் எல்லாம் உள்ளே பார்க்கிற மாதிரி வைத்திருந்தார்களாம். ஏன் உள்ளே பார்க்க வேண்டும் என்று கேட்டேன். அவருக்கும் தெரியவில்லை. எனக்கு இப்போதும் அந்த யோசனைதான்.

இவ்வளவையும் கேட்டுக்கொண்டிருந்த மெய், தனக்குப் பெட்டியும் வேண்டாம் குழியும் வேண்டாம், எரித்தால் போதும் என்றார். கிழவர் ஏதோ கெஞ்சினார். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "இவ்வளவு காலம் இந்த மனிதனின் குறட்டையைக் கேட்டுவிட்டேன். மண்ணுக்குள்ளேயும் இரண்டாயிரம் வருஷம் கேட்க வேண்டுமா?"

வேலிக்கம்பம்

ஆகவே ஒரு பெட்டிதான். இங்கே பண்ணைகளில் காற்றை மறிக்க வரிசையாக நட்டிருக்கிற மக்ரோகார்ப்பாவும் சைப்ரஸ் இனம்தான். புக்கெகோஹியில் ஒரு வெங்காயத் தோட்டத்துக்காரர் அப்படி ஒரு மரத்தை விழுத்தி வைத்திருந்தார். லின்னையும் கூட்டிக்கொண்டு போனேன். அவர் வெட்டுமுகத்தில் மூக்கை வைத்து மணந்து பார்த்தார். வயிரம் எங்கே தொடங்குகிறது என்று நகத்தால் கீறினார். வேர்ப்பக்கம் எது, நுனிப்பக்கம் எது என்று கேட்டு, வேர்ப்பக்கம் தலைக்கு வர வேண்டும் என்றார். தோட்டக்காரர் இதையெல்லாம் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மேசைக்கா கட்டிலுக்கா என்று கேட்டார். எனக்கு மச்சானின் ஞாபகம் வந்தது. ஃபர்னிச்சர் என்கிற அந்தச் சொல்லை நான் சொல்லமாட்டேன் என்று, சவப்பெட்டிக்கு என்று உள்ளதைச் சொன்னேன். மனிதர் முகம் மாறவே இல்லை. "அப்படியென்றால் நல்ல மரம்தான். இதில் வேலிக்கம்பம் போட்டால் நட்டவன் போன பிறகும் நிற்கும்."

அரிசி

பெட்டி முடிந்தது. மெய் அதை வீட்டுக்குள் விடமாட்டேன் என்றுவிட்டார். அதனால் பட்டறையின் பின்பக்கம் வைத்தோம். லின் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெட்டி வெறுமையாக இருந்தால் அது ஆளைத் தேடும், உள்ளே ஏதாவது தானியம் போட்டு வை என்றார். நான் தமிழ்க் கடையில் ஒரு பை பச்சையரிசி வாங்கிப் போட்டு மூடினேன். எனக்கு அதில் ஒன்றும் தோன்றவில்லை.

எங்கள் ஃபோர்மன் சேகர் சென்னைப் பையன். வந்த முதல் வாரமே யன்னல் பக்கத்தில் இருந்த என் மேசையை இருட்டுக்குள் தள்ளினவன். அதை அவன் மறந்திருப்பான். அன்றைக்கு என்னவோ தேடிப்போய் மூடியைத் திறந்துவிட்டான். அரிசியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "அண்ணே, அந்தப் பெரியவர் இன்னும் நடமாடிட்டுதானே இருக்காரு? அதுக்குள்ள வாய்க்கரிசி போட்டுட்டீங்களே."

அரக்கு

பழைய காலத்தில் அவர்கள் நாட்டு அரசன் பட்டத்துக்கு வந்தவுடன் தன் பெட்டியைச் செய்வித்து, வருஷத்துக்கு ஒரு முறை அதற்கு அரக்குப் பூசுவானாம். லின்னும் அப்படியே செய்தார். வருஷம் ஒரு தரம் மெய்யோடு வருவார், அவர்களுடைய அரக்கு ஒரு மரத்தில் வடிகிற பால், அதை யார் மூலமோ எடுப்பித்து ஒரு தகரத்தில் கொண்டுவருவார். ஒரு பூச்சு பூசி, காயவிட்டுப் போவார். அந்த அம்மா ஒரு ஸ்டூலில் இருந்து ஒரேஞ்ச் உரித்துக்கொண்டு, இந்த இடத்தில் படவில்லை, அந்த இடத்தில் வழிகிறது என்று குறை சொல்லுவார். பெட்டியே வேண்டாம் என்றவர் எதற்காக வருஷம் தவறாமல் வருகிறார் என்று நான் யோசித்ததுண்டு.

முதல் வருஷம் நானும் தூரிகையைப் பிடித்தேன். அந்தப் பால் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஒருவரும் சொல்லவில்லை. அடுத்த நாள் கண் திறக்க முடியாமல் முகம் பூசணிக்காய் மாதிரி ஊதிப்போய்க் கிடந்தேன். மெய் செய்தி கேட்டுக் களிம்போடு வந்தார். ஒரு சொட்டு இரக்கம் முகத்தில் இல்லை. "அரசனுடைய பெட்டிக்குப் பூசியவன் முகமும் இப்படித்தான் இருந்திருக்கும். அவனைப் பற்றி யாராவது எழுதி வைத்தார்களா?"

மெல்லிய பலகை

போன குளிர்காலத்தில் மெய் போய்விட்டார். செய்தி வந்தவுடன் நான் சைப்ரஸ் பெட்டியைத் துடைத்து வைத்தேன். கிழவர் அதை அந்த அம்மாவுக்குத்தான் கொடுப்பார் என்று நினைத்தேன். அவர்களுடைய மகனுக்கும் அந்தப் பயம் இருந்தது. முன்னதாக வந்து, அம்மா கடைசிவரைக்கும் எரிக்கச் சொன்னவர், அப்பா கேட்டாலும் கொடுக்க வேண்டாம் என்று என்னிடம் மன்றாடினான். அரக்குப் பூசிய கனத்த பெட்டியை எரிக்கிற இடத்தில் எடுக்கவும் மாட்டார்கள்.

பின்னாலேயே லின் வந்தார். அவர் தன் பெட்டியைத் திரும்பிப் பார்க்காமல் நேரே சிப்போர்ட் அடுக்கி வைத்திருக்கிற பக்கம் போனார். ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து ஒன்றில் கையை வைத்தார். மகன் அழத் தொடங்கினான், கிழவர் என்னைக் கேட்டார். "உள்ளதில் மெல்லியது எது? அவள் எதற்கும் காத்திருக்கமாட்டாள்."

பக்கத்து அறை

அரக்குப் பூசுகிற காலம் வந்தது, கிழவர் வரவில்லை. சேகர் புது மெஷினுக்கு இடம் வேண்டும் என்று நின்றான். அவர் இனி வரமாட்டாரு அண்ணே, வீட்டுக்கு அனுப்பிடலாம் என்றான். அவன் சொன்னதாலேயே நான் முடியாது என்றேன். ஆனால் எனக்கும் மனதுக்குள் அதே பயம்தான். மனைவி புகையாகப் போய்விட்டாள். இனி இந்த மனிதன் இரண்டாயிரம் வருஷம் தனியாகக் கிடந்து என்ன செய்யப்போகிறார்?

கோடை முடிகிற நேரம் கிழவர் மகன் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கையில் ஒரு சின்னச் சாம்பல் ஜாடி. என்னைப் பெட்டிக்குப் பக்கத்தில் இருத்தி, பெட்டிக்கு வெளியே தலைமாட்டில் ஒரு சதுரம் கீறிக் காட்டினார். அந்தப் பழைய கல்லறைகளில், ஆள் கிடக்கிற பெட்டிக்கும் வெளிப்பெட்டிக்கும் இடையில் தலைமாட்டில் இப்படி ஒரு மரத் தட்டறை இருக்குமாம். தட்டு, கிண்ணம், சாப்பாடு எல்லாம் அதற்குள் வைப்பார்களாம். அதே மரத்தில், அதே கனத்தில் ஒன்று செய்து பொருத்த வேண்டும், ஜாடி ஆடாமல் நிற்க வேண்டும்.

மகன் ஜாடியின் அடியை அளந்து எனக்குச் சொன்னான். சேகர் கூட மெஷினைப் பற்றி மூச்சு விடாமல் விளக்கைக் கிட்டக் கொண்டுவந்து பிடித்தான். இது அந்த அம்மாவுக்குச் சம்மதமாக இருக்குமா என்று நான்தான் கேட்டேன். கிழவர் ஜாடியைக் கையில் எடுத்தார். "என் பெட்டிக்குள் வரமாட்டேன் என்றுதான் சொன்னாள். பக்கத்து அறைக்கு வரமாட்டேன் என்று சொல்லவில்லையே."

எந்த மரம் மண்ணுக்குள் எவ்வளவு காலம் தாங்கும் என்று கேட்டால் என்னால் சொல்ல முடியும், புருஷனுக்கும் பெண்சாதிக்கும் நடுவில் எவ்வளவு தடிப்பில் பலகை போடுவது என்பதுதான் இந்தத் தொழிலில் எனக்கு இன்னும் பிடிபடவில்லை.