துண்டுக்கு நான்கு கிராம் எண்ணெய்

தொழிற்சாலை கேன்டீனில் அவளுக்குத் தராசு என்று பட்டப்பெயர். எந்தச் சாப்பாட்டில் எத்தனை கலோரி என்று கணக்கிட்டு அட்டை எழுதி ஒட்டுவது அவள் வேலை. அதில் அவளுக்கிருந்த கர்வம் கொஞ்சநஞ்சமல்ல. அட்டையை யாராவது சந்தேகமாகப் பார்த்தால் போதும், மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

பொரித்த மீனுக்கு அவள் கணக்குப் போட்ட விதம் இது. பொரிக்குமுன் சட்டியில் எண்ணெய் மூன்று கிலோ. நூறு துண்டு பொரித்தெடுத்தபின் மிச்சம் இரண்டு கிலோ அறுநூறு கிராம். அப்படியென்றால் நானூறு கிராமை மீன் குடித்திருக்கிறது. துண்டுக்கு நான்கு கிராம். கிராமுக்கு ஒன்பது கலோரி வீதம் எண்ணெயால் கூடுவது முப்பத்தாறு. இவ்வளவு குறைவா என்று மேலாளர் எல்லார் முன்னாலும் கைதட்டினார். தராசுக்குத் தலைகால் புரியவில்லை.

அதே தொழிற்சாலை வாசலில் காவலர் அவளுடைய அண்ணன். எட்டு கிலோ குறைந்தால்தான் முழங்காலில் அறுவை சிகிச்சை என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். மனிதர் சோற்றைப் பாதியாக்கினார், இனிப்புப் பக்கமே திரும்பவில்லை. மதியம் கேன்டீனில் மூன்று துண்டு பொரித்த மீன் மட்டும் விடவில்லை. “என் தங்கச்சி போட்ட கணக்கு, தப்பாது” என்று எல்லாரிடமும் பெருமையடித்துக்கொண்டே சாப்பிட்டார். இரண்டு மாதமாகியும் எடை அரை கிலோகூட இறங்கவில்லை.

இறங்காத காரணம் சமையல்காரர் வாயிலிருந்து பேச்சுவாக்கில் வந்தது. “மீனுக்குக் கணக்கு எடுத்த அன்னிக்கு நீங்க போன் பேசப் போனீங்களே மேடம், பாதியில எண்ணெய் வத்திப்போச்சு. ஒரு கிலோ ஊத்தினேன். எப்பவும் ஊத்துறதுதானே?”

அப்படியானால் துண்டுக்குப் பதினான்கு கிராம். நூற்று இருபத்தாறு கலோரி. மூன்று துண்டுக்குத் தினமும் இருநூற்று எழுபது கலோரி கூடுதல். அந்த நிமிடமே அட்டையைக் கிழித்திருக்க வேண்டும். மகராசி செய்யவில்லை. மேலாளர் முகத்தில் எப்படி விழிப்பது என்று நாளைக்கு, நாளைக்கு என்று வாரக்கணக்கில் தள்ளிப்போட்டாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் வீட்டுக்குப் போனபோது அண்ணி எடை பார்க்கும் மிஷினை இழுத்துப் போட்டிருந்தாள்.

“நீயே கேளும்மா உங்க அண்ணனை. மறைச்சு மறைச்சு எதையோ தின்னுறாரு. இல்லேன்னா இந்த முள்ளு எப்படி நகராம நிக்கும்?”

“சத்தியமா இல்லடி” என்றார் அண்ணன்.

தராசு வாயைத் திறந்தாள். உண்மையைச் சொல்லத்தான் திறந்தாள். வந்ததோ வேறு.

“நிஜமா சொல்லுங்கண்ணா, வெளியில ஏதாச்சும் சாப்பிடுறீங்களா?”

அண்ணன் அவளையே பார்த்தார். பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“ஆமா, சாப்பிட்டேன். இனிமே மாட்டேன். விட்டுருங்க.”

சாப்பிடவில்லை என்று அந்த வீட்டில் நிச்சயமாகத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான்.

“அவர் சாப்பிடல அண்ணி. மீன் கணக்கை நான்தான் தப்பா எழுதிட்டேன்” என்று தொடங்கி, சட்டியில் ஊற்றிய ஒரு கிலோ வரை எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

அண்ணன் திட்டவில்லை. “உனக்கு எப்பத் தெரியும்?” என்று மட்டும் கேட்டார்.

“ஒரு மாசமாச்சுண்ணா.”

“தினமும் உன் பக்கத்துல உக்காந்துதானேம்மா சாப்பிட்டேன்” என்றார் அண்ணன்.