லைனில் காத்திருங்கள், காது வலிக்கிறது

காதை வாடகைக்கு விட்டுப் பிழைக்கிற தொழில் எங்களுடையது. திருப்பதியில் ஒரு கால் சென்டர். மிக்ஸி, கிரைண்டர், வாஷிங் மெஷின் புகார்களைத் தமிழிலும் தெலுங்கிலும் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். காதை முழுசாக மூடும் ஹெட்போனை நாள் முழுக்க மாட்டிக்கொண்டு உட்கார்ந்தவர்களுக்கு நான் சொல்லப்போவது புரியும். மற்றவர்கள் கொடுத்து வைத்தவர்கள்.

முதல் ஆறு மாதம் என்னைச் சோதித்துப் பார்ப்பார்கள். அதில் தேறாவிட்டால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சொந்த ஊரான நகரிக்கே திரும்பிவிடுவதாக நைனாவிடம் வாக்குக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். எனக்கோ திரும்பிப் போக இஷ்டமே இல்லை.

திருகாணி

முதல் வாரமே வலது காதுக்குப் பின்னால் புண். ஹெட்போனைத் திட்டித் தீர்த்தேன். பாவம், அதன்மேல் தப்பில்லை. அது காது மடலை அழுத்த, என் தோட்டின் திருகாணி பின்பக்கம் போய்க் குத்தியிருக்கிறது. தோட்டைக் கழற்றி வைக்கலாம்தான். ஆனால் அப்படியே விட்டால் துவாரம் தூர்ந்துவிடுமே!

பக்கத்து சீட் மஞ்சுளா அக்கா சித்தூர் பக்கத்துக் குடிபாலாக்காரர். விளக்குமாற்றிலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, துளியூண்டு ஒடித்து, சுத்தமாகக் கழுவி என் துவாரத்தில் செருகிவிட்டார். ஷிப்ட் முடிந்ததும் மறுபடி தோடு. இரண்டே நாளில் புண் ஆறியது. அக்கா ஒரே ஓர் எச்சரிக்கை மட்டும் கொடுத்தார்:

"வீட்டுக்கு வீடியோ கால் பேசறப்ப முடிய முன்னால இழுத்து வுட்டுக்கோ. உங்கம்மா பாத்தாங்கன்னா, பொண்ணு தோட்ட வித்துத் துன்னுட்டான்னு நெனச்சுக்குவாங்க!"

மொட்டை

எதிர் சீட் பாஸ்கர் மலைக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டு, மறுநாளே வேலைக்கு வந்துவிட்டான். முடி இருந்தவரை தெரியாத ஹெட்போன் பட்டை, இப்போது உச்சந்தலையில் நேராக உட்கார்ந்து பிராண்டியது. எரிச்சலுக்குச் சந்தனத்தைக் குழைத்துத் தடவிக்கொண்டான். தலை குளிர்ந்தது. பட்டையின் பஞ்சுதான் மொத்தச் சந்தனத்தையும் குடித்துவிட்டு, காய்ந்து கல்லாகிப்போனது.

அப்புறம் கைக்குட்டையை நாலாக மடித்துப் பட்டைக்கு அடியில் வைத்துக்கொண்டான். மணிக்கொரு தரம் பட்டையைக் கொஞ்சம் முன்னே, கொஞ்சம் பின்னே நகர்த்தினான். முடி உள்ள நாங்களும் அதையே செய்து பார்த்தோம். உச்சி வலி பாதியாகக் குறைந்தது. பஞ்சைச் சுரண்டிப் பார்த்த டீம் லீடருக்குத்தான் மனசு ஆறவில்லை:

"முடியத்தான்யா சாமி கேட்டாரு, ஹெட்போனுக்கு எவன்யா சந்தனக்காப்பு போடச் சொன்னான்?"

வாட்டர் கேன்

புது ஹெட்போன் கன்னத்தை நெரித்தால், தலையைவிடக் கொஞ்சம் அகலமான புத்தக அடுக்கின்மேல் மாட்டி வைக்க வேண்டும்; பட்டை தளர்ந்துவிடும். பாஸ்கர் சொன்ன யோசனைதான். நான் அதில் 'கொஞ்சம்' என்ற வார்த்தையை மட்டும் மதிக்கவில்லை. சனிக்கிழமை கிளம்பும்போது, ஆபீசில் இருந்த வாட்டர் கேனின்மேல் மாட்டிவிட்டுப் போனேன். திங்கட்கிழமை அது தலையில் நிற்கவே இல்லை. குனிந்தால் மேஜையில், நிமிர்ந்தால் கழுத்தில்.

இரண்டு கையாலும் காதோடு பிடித்துக்கொண்டே நாயுடுபேட்டை வாடிக்கையாளர் ஒருவரிடம் பேசினேன். டைப் அடிக்கக் கை ஏது? "நம்பரை இன்னொரு தடவை சொல்லுங்க சார், ரெண்டு கையும் தலையில இருக்கு" என்று உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் பதறிப்போனார்:

"நின்னு போனது என் வாஷிங் மெஷினு. அதுக்கு நீ ஏம்மா தலையில கைய வெச்சிக்கினுகீறே?"

ஹோல்ட்

"சற்று லைனில் காத்திருங்கள், பார்த்துச் சொல்கிறேன்" என்போமே, பாதி நேரம் நாங்கள் எதையும் பார்ப்பதில்லை. ஹோல்ட் பட்டனை அழுத்தி, ஹெட்போனைக் கழற்றி, காதைத் தேய்த்துக்கொண்டிருப்போம். பிடிபட்டால் பெரிய தப்பாகிவிடும். ஆறு மாதம் முடிய மூன்று நாள் இருக்கும்போது புத்தூரிலிருந்து ஓர் அம்மா அழைத்தார். மிக்ஸி ஓடவில்லை. எனக்குக் காது சுட்டுக்கொண்டிருந்தது. காத்திருக்கச் சொல்லிவிட்டுக் கழற்றினேன். பட்டன் சரியாக அழுந்தவில்லை. "ஐயோ, காதே பிஞ்சிடும்போல கீதே" என்று நான் முனகியது அந்த அம்மாவுக்கு அப்படியே கேட்டிருக்கிறது.

மறுபடி மாட்டியதும் அவர் சொன்னார்: "எனக்கும் தறி சத்தத்துல காதுல பஞ்சு வெச்சிக்கினுதாம்மா வேலை. கழட்டி வெச்சிட்டு நல்லா தேச்சி வுட்டுக்கினு வா. நான் எங்கியும் போவல." என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெற்ற தாயிடம்கூட நான் சொல்லாத வலி அது.

மறுநாள், அழைப்புகளைக் கேட்டு மார்க் போடும் சித்தூர்க்கார சார் என்னைக் கூப்பிட்டார். அவர் எடுத்து வைத்திருந்தது அதே அழைப்பு. நகரி ரயில் ஸ்டேஷன் கண்முன் வந்து நின்றது. சார் கடைசிவரை கேட்டார். ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். இரண்டு காதையும் நிதானமாகத் தேய்த்துக்கொண்டார்.

"பொய் ஹோல்டுக்கு மார்க்கு கட் பண்ணிட்டேன், ஆனாலும் நீ பாஸும்மா. இந்த ஒரு காலக் கேட்டு முடிக்கறதுக்குள்ள நானே மூணு தடவ கழட்டி வெச்சிட்டேன்."

ஆகவே நண்பர்களே, போனில் உங்களை யாராவது காத்திருக்கச் சொன்னால் கோபப்படாதீர்கள், அந்தப் பக்கம் ஒரு ஜோடிக் காது மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறது.