விடிந்த பிறகு எரிந்த நெருப்பு

என் மனைவி றீற்றா இறந்த பிறகு நான் கோயிலில் வாய் திறந்து பாடவில்லை. பூசைக்குப் போவேன். கடைசி வரிசை வாங்கில் இருப்பேன். பாட்டுத் தொடங்கினால் தலையைக் குனிந்துகொள்வேன். நான் செபிக்கிறேன் என்று சனம் நினைத்திருக்கும். உண்மையில் எனக்குக் கோபம்.

எங்கள் ஊரான விடத்தல்தீவில் எல்லாருக்கும் மனப்பாடமான நற்கருணைப் பாட்டு ஒன்று இருக்கிறது. “விடியும் கரையில் நெருப்பு மூட்டி எனக்காய் நின்றவரே” என்று தொடங்கும். கடலுக்குப் போகிறவனுக்கு அந்த நெருப்பை யாரும் விளக்கத் தேவையில்லை. படகு பிந்தினால் வீட்டுச் சனம் கரையில் ஓலை கொளுத்தி வெளிச்சம் காட்டும். கைபேசி வந்த பிறகும் றீற்றா அந்தப் பழக்கத்தை விடவில்லை. “உங்கட போனில சார்ஜ் முடிஞ்சுபோம், என்ர ஓலை முடியாது” என்பாள். ஆண்டவரும் அவளைப்போல எனக்கு வெளிச்சம் காட்டி நிற்கிறார் என்று நினைத்தே இத்தனை வருடமும் பாடினேன்.

அவள் போனதும் கரை இருண்டுவிட்டது. பாட்டுப் பொய்யென்று பட்டது. கனடாவிலிருந்து மகள் போன் எடுத்து, “சாப்பிட்டீங்களோ அப்பா?” என்று கேட்பாள். “ஓம், சாப்பிட்டனான்” என்பேன். பச்சைப் பொய். கடையில் வாங்கிய பாணும் வெறும் தேத்தண்ணியும்தான். ஒருவனுக்கென்று உலையில் அரிசி போட மனம் வரவில்லை.

போன தவக்காலத்தில் ஒருநாள் வலையில் ஒன்றுமே படவில்லை. கிழக்கு வெளிக்கத் தொடங்கியது. கரைக்குத் திரும்பக் கை வரவில்லை. எஞ்சினை நிறுத்தினேன். நீரோட்டம் எங்கே கொண்டுபோனாலும் போகட்டும் என்று இருந்துவிட்டேன். வீட்டுக்கு வர எனக்கு விருப்பமே இல்லை. பிறகு அழுகை வந்தது. “ஆண்டவரே, என்னைப் பார்த்துக்கொண்டு கரையில் ஒருவரும் இல்லை. நீராவது நில்லும்” என்று சத்தமாகக் கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை. கேட்ட பிறகு எப்படியோ கை எஞ்சினை இழுத்தது.

கரைக்கு வந்தபோது வெயில் ஏறியிருந்தது. அங்கே ஒரு நெருப்பு எரிந்தது. பக்கத்து மீன்வாடியில் தொழில் செய்யும் அந்தோனி கல் வைத்து மீன் சுட்டுக்கொண்டிருந்தான். எங்களுக்குள் பெரிய பேச்சுவார்த்தை கிடையாது.

“அண்ணை, ஏன் படகுக்குள்ளயே இருக்கிறியள்? இறங்கி வாங்கோ.”

“இண்டைக்கு ஒண்டும் படேல்லைத் தம்பி.”

“படாட்டி என்ன? என்னட்டை மீன் கிடக்கு. வாங்கோ, சாப்பிடுவம்.”

மணலில் இருந்து சாப்பிட்டேன். முள்ளை எடுக்கும்போதுதான் மண்டையில் உறைத்தது. நன்றாக விடிந்துவிட்டதே, விடிந்த பிறகு வழிகாட்ட நெருப்பு எதற்கு? பாட்டில் விடியும் கரை என்றுதானே இருக்கிறது! அது வெளிச்சத்துக்கு மூட்டிய நெருப்பல்ல, சமைக்க மூட்டிய நெருப்பு. இரவெல்லாம் வலை போட்டும் ஒன்றும் படாமல் களைத்த சீடர்களுக்கு ஆண்டவர் கரையில் மீன் சுட்டு வைத்துக்கொண்டு நின்றார் என்றுதானே வேதத்தில் இருக்கிறது. பூசையில் நற்கருணை அப்பம் வாங்கப் போகும்போது ஏன் அந்தப் பாட்டைப் பாடுகிறோம் என்பதும் அப்போதுதான் விளங்கியது. கடற்கரையிலேயே பிறந்து வளர்ந்த மடையன் எனக்கு இது இவ்வளவு காலமும் தெரியவில்லை.

என் கண்ணீரைப் பார்த்து அந்தோனி பயந்துபோனான்.

“முள்ளுக் குத்திப்போட்டுதோ அண்ணை?”

“ஓம்” என்றேன்.

வீடு இன்றும் வெறிச்சோடித்தான் கிடக்கிறது. சில பின்னேரங்களைத் தாங்க முடிவதில்லை. ஆனாலும் கடலுக்குப் போனால் திரும்பி வருகிறேன். கோயிலில் பாடுகிறேன், சுருதி சேராவிட்டாலும். ஆண்டவருக்கு நன்றி.

என்னைப்போலத் தனித்துப்போனவர்களே, அவரிடம் கேளுங்கள். சத்தமாகவே கேளுங்கள். பதில் வானத்திலிருந்து வரும் என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம். பக்கத்தில் யாராவது சாப்பிடக் கூப்பிட்டால், பசியில்லை என்று சொல்லாமல் எழும்பிப் போங்கள்.