நம்பர் உள்பக்கம்

இது நான் கட்டின கதை இல்ல. எனக்குக் கதை கட்டத் தெரிஞ்சிருந்தா ஏன் பதினாலு வருஷமா டயர் கடையில நட்டு கழட்டிட்டு இருந்திருக்கப் போறேன்? நம்பினா நம்புங்க. நம்பலன்னா சும்மா பயந்துட்டுப் போங்க. எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்.

பேய்னா ராத்திரிதான் வரும்னு சொல்ற ஆளுங்களைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். நான் பார்த்தது சாயங்காலம் நாலு பத்துக்கு. கடையில ட்யூப் லைட்டு அத்தனையும் எரிஞ்சுட்டு இருந்துச்சு. ரேடியோகூடப் பாடிட்டு இருந்துச்சு.

அதுக்கு முன்னாடி எங்க கடையில நடக்கிற ஒரு திருட்டு வேலையைச் சொல்லணும். அது தெரியாம இது புரியாது.

டயரோட பக்கவாட்டுல நாலு நம்பர் பொறிச்சிருக்கும். முதல் ரெண்டு எத்தனாவது வாரம்னு சொல்லும், அடுத்த ரெண்டு எந்த வருஷம்னு சொல்லும். அந்த டயர் எப்பச் செஞ்சதுன்னு அதை வச்சுச் சொல்லிடலாம். ஆனா அந்த நம்பர் ஒரு பக்கம்தான் இருக்கும். எங்க முதலாளி நாள்பட்ட சரக்கை அடிமாட்டு விலைக்கு வாங்கிப் போடுவார். ஆறு வருஷம், ஏழு வருஷம் குடோன்ல கிடந்த டயர். ஓடாததால பார்க்கப் பளபளன்னு இருக்கும். பட்டன், அதாவது டயர் மேல வெட்டியிருக்கிற பள்ளம், அப்படியே புதுசா இருக்கும். ஆனா ரப்பர் இறுகிப் போயிருக்கும். நகத்தால அழுத்தினா உள்ள போகாது. காஞ்ச ரோட்டுல ஒண்ணும் தெரியாது. ஈர ரோட்டுல பிரேக் போட்டீங்கன்னா சோப்புக்கட்டி மாதிரி வழுக்கும்.

அந்த டயரை ரிம்முல மாட்டும்போது நம்பர் இருக்கிற பக்கத்தை உள்ள திருப்பி மாட்டிடுவோம். யாரு வண்டிக்கு அடியில படுத்து எட்டிப் பார்க்கப் போறாங்க? அந்த வண்டி மறுபடி வந்தா வேற யாரும் தப்பித்தவறி வெளிப்பக்கம் திருப்பிடக் கூடாதுன்னு, உள்பக்கம் மஞ்சள் பெயிண்ட்டால ஒரு டிக் போட்டு வைப்பேன். என் டிக்குக்கு வால் கொஞ்சம் நீளம். பெருமையா வேற சொல்றேன் பாருங்க, வெட்கங்கெட்ட பய நான்.

எங்க தெருமுனையில ஒரு கண்ணாடிக்கடை. அங்க மூக்குக்கண்ணாடி பொருத்துற அக்கா ஒருத்தங்க இருந்தாங்க. எனக்குக் கிட்டத்துல இருக்கிற எழுத்து மங்கினப்ப அவங்கதான் கண்ணாடி போட்டு விட்டாங்க. கடையிலேயே விலை கம்மியான ஃபிரேம் நான் எடுத்தது. அதுக்கே நாலு தடவை கம்பியை வளைச்சு வளைச்சுப் பார்த்தாங்க.

"மூக்குல அழுத்துதா தம்பி? கூச்சப்படாம சொல்லுங்க."

"இல்லக்கா, சரியா இருக்கு."

"பொய் சொல்றீங்க. கழட்டுங்க, கொண்டாங்க."

அஞ்சாவது தடவையும் வளைச்சாங்க. இன்னிக்கு வரைக்கும் அந்தக் கண்ணாடி எனக்கு மூக்குல அழுத்தினதே இல்ல.

அதே அக்கா ஒருநாள் எங்க கடைக்கு டயர் மாத்த வந்தாங்க. நல்ல வெயில் காலம். சின்ன நீல வண்டி. மூணு கேள்வி கேட்டாங்க. மழையில பிடிக்குமா, எத்தனை வருஷம் உழைக்கும், குடுக்கிற காசுக்குத் தகுமா.

உண்மையைச் சொல்லணும்னா மூணும் ஒரே டயர்ல முழுசா வராது. மழையில நல்லாப் பிடிக்கிற ரப்பர் மெத்துனு இருக்கும், சீக்கிரம் தேயும். உழைக்கிற ரப்பர் கெட்டி, ஈரத்துல சுமார்தான். உங்களுக்கு எது முக்கியம்னு கேட்டு அதுக்கு ஏத்ததைக் குடுக்கிறவன்தான் கடைக்காரன். நான் கேட்டேன். கேட்டதுக்கு அவங்க சொன்ன பதில் இன்னும் காதுலயே இருக்கு.

"மழைதான் தம்பி முக்கியம். பொண்ணை ஸ்கூல்ல இருந்து கூட்டிட்டு வரணும். வாய்க்கால் ஓரமா ஒரு வளைவு இருக்கே, அங்க எனக்கு எப்பவும் பயம்."

பின்னாடி நின்னுட்டு இருந்த முதலாளி எனக்குக் கண்ணைக் காட்டினார். நாள்பட்ட சரக்குல அவங்க சைஸ் நாலு கிடந்துச்சு.

"மூணும் இதுல இருக்குக்கா, கண்ணை மூடிட்டுப் போடலாம்" அப்படின்னேன். வாய் கூசாம சொன்னேன். நாலையும் அவங்க தலையில கட்டினேன். அவங்க போட்டு விட்ட கண்ணாடியை மாட்டிக்கிட்டுத்தான் அந்தச் சின்ன நம்பரைப் படிச்சு, உள்பக்கம் திருப்பினேன்.

எட்டு மாசம் போச்சு.

அன்னிக்கு ரெண்டு மணிக்குப் பிடிச்ச மழை விடவே இல்ல. முதலாளி பேங்குக்குப் போயிருந்தார். கூட வேலை பார்க்கிறவனுக்குக் காய்ச்சல். கடையில நான் ஒருத்தன்தான். எங்க வாசல்ல சாக்கடை மேல ஒரு இரும்புத்தகடு கிடக்கும். எந்த வண்டி உள்ள வந்தாலும் 'தடங்'னு சத்தம் கேக்கும். குளவிக்கூடு மாதிரி சின்னக் கடை, கேக்காம இருக்க வழியே இல்ல.

சத்தம் கேக்கல.

நிமிர்ந்து பார்த்தா வண்டி தூக்குற லிஃப்ட்டு மேல அந்த நீல வண்டி நிக்குது. பக்கத்துல அக்கா. மணி நாலு பத்து.

"நாலு டயரும் மாத்தணும் தம்பி."

குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. வாய் நிறையத் தண்ணி வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி.

எனக்குத் திக்குனு ஆச்சு. பேய்னு நினைச்சு இல்ல. மாட்டிக்கிட்டோம்னு நினைச்சு. "எதுக்குக்கா? போட்டு எட்டு மாசம்தானே ஆகுது?" அப்படின்னேன்.

"மழையில பிடிக்கல."

அவ்வளவுதான் சொன்னாங்க. திட்டல. கோபமும் படல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

வெளியே கொட்டோ கொட்டுனு கொட்டுது. ஆனா வண்டிக் கூரை காஞ்சு கிடந்துச்சு. சொட்டுத் தண்ணி இல்ல. ஆனா நாலு கதவுக்கும் அடியில இருந்து தண்ணி ஒழுகிட்டு இருந்துச்சு. உள்ள இருந்து. கண்ணாடி முழுக்க ஆவி படிஞ்சு உள்ள எதுவும் தெரியல.

சொட்... சொட்... சொட்...

லிஃப்ட்டைத் தூக்கினேன். முதல் சக்கரத்தைக் கழட்டினேன். ஓடி வந்த வண்டியில பிரேக் டிஸ்க்கு தொட்டா கையைச் சுடும். இது சுடல. கிணத்துக்குள்ள கிடந்த இரும்பு மாதிரி ஜில்லுனு இருந்துச்சு.

டயரைத் திருப்பினேன். உள்பக்கம் என் டிக். நீள வால்.

பட்டன் பள்ளத்துக்குள்ள பச்சையா ஏதோ அடைச்சிருந்துச்சு. நோண்டி எடுத்தேன். பாசி. தண்ணிப் பாசி.

ரேடியோ நின்னுடுச்சு. கரண்ட் இருக்கு. லைட்டு எரியுது. ரேடியோ மட்டும் இல்ல.

என்ன தோணுச்சோ, ஸ்டாக்குலயே மழைக்கு நல்ல டயர் எதுவோ அதை எடுத்தேன். செஞ்சு ரெண்டு மாசம்கூட ஆகல. நகம் பதிஞ்சா குழி விழுது. அப்படிப்பட்ட ரப்பர். மெஷின்ல மாட்டப் போனேன்.

முதுகுக்குப் பின்னாடி குரல் கேட்டுச்சு.

"நம்பர் வெளிப்பக்கம் இருக்கட்டும் தம்பி."

இந்த விஷயம் எங்க மூணு பேரைத் தவிர ஒரு ஈ காக்காய்க்குத் தெரியாது.

திரும்பிப் பார்க்கல.

மாட்டினேன். ஒண்ணு. ரெண்டு. மூணு. எல்லாம் வெளிப்பக்கம்.

நாலாவதை மாட்டும்போது அந்தச் சொட்டுச் சத்தம் கிட்டக் கேட்டுச்சு. வண்டிகிட்ட இல்ல.

என் காதுகிட்ட.

சொட்...

கடைசி நட்டை முறுக்கினேன். லிஃப்ட்டை இறக்கினேன். மணி நாலு அம்பத்திரெண்டு.

"ஆச்சுக்கா."



கையைத் துடைக்கிற துணி கீழ விழுந்துச்சு. குனிஞ்சு எடுத்தேன். நிமிர்ந்தேன்.

வண்டி இல்ல.

அக்கா இல்ல.

தகடு சத்தமே போடல.

தரையில நாலே நாலு பழைய டயர். சுத்தித் தண்ணி. அதுல பாசி.

அப்புறம் அந்த நாலையும் இழுத்துட்டுப் போய்ப் பின்பக்கம் போட்டு, தார்ப்பாயால மூடினேன். புது டயர் நாலு எங்கேன்னு முதலாளி கேட்டார். தெரிஞ்சவங்களுக்குப் போட்டேன், சம்பளத்துல பிடிச்சுக்கங்கன்னு சொல்லிட்டேன்.

மறுநாள் காலையில விபத்து வண்டியெல்லாம் இழுக்கிற கிரேன்காரர் ஏர் பிடிக்க வந்தார். அவர்தான் சொன்னார்.

"கண்ணாடிக்கடை அம்மா போயிட்டாங்கப்பா. நேத்து அந்த வளைவுல வழுக்கி வாய்க்கால்ல விழுந்திருக்காங்க. பின்னாடி வந்த லாரிக்காரர் கண்ணால பார்த்துட்டு உடனே போன் பண்ணியிருக்கார்."

"எத்தனை மணிக்கு?"

"மூணு நாப்பத்திரெண்டு. தண்ணி ரொம்ப வேகம். ஆறு மணிக்குத்தான் என்னால வண்டியைத் தூக்க முடிஞ்சுது."

நாலு பத்துக்கு அந்த வண்டி எங்க லிஃப்ட்டு மேல நின்னுச்சு. அவர் பாட்டுக்கு ஏர் பிடிச்சுட்டே பேசினார்.

"ஒண்ணு மட்டும் எனக்குப் புரியலப்பா. நாலு டயரும் புத்தம் புதுசு. புது டயர்ல ரோமம் மாதிரி ரப்பர் நீட்டிட்டு இருக்குமே, அதுகூடத் தேயல. ஒரு கிலோமீட்டர்கூட ஓடாத டயர். போலீஸும் குனிஞ்சு நம்பரைப் பார்த்துட்டு, டயர் மேல குத்தம் இல்ல, அந்தம்மாதான் வேகமா வந்திருக்கணும்னு எழுதிட்டாங்க."

நம்பர் வெளிப்பக்கம் இருந்துச்சு. அதனால பார்த்திருக்காங்க. புரியுதா உங்களுக்கு? செத்துப் போன பிறகு அவங்க கேட்டது நான் அன்னிக்கே குடுத்திருக்க வேண்டிய டயர். நான் அதைப் போட்டு விட்டேன். போட்டு விட்டு என் குத்தத்தை நானே துடைச்சுட்டேன். பழி அவங்க மேல.

பன்னெண்டு நாள் கழிச்சு அவங்க வீட்டுக்காரர் கடைக்கு வந்தார். ஷேவ் பண்ணாத முகம். வந்தவர் என் கையைப் பிடிச்சுக்கிட்டார்.

"நல்ல டயராத்தான் போட்டுக் குடுத்திருக்கீங்க தம்பி. சொல்லிட்டுப் போகலாம்னு வந்தேன். மெதுவாப் போ, மெதுவாப் போன்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். கேக்கல அவ." சட்டைக் கையால கண்ணைத் துடைச்சுக்கிட்டார். "பொண்ணு சாப்பிடவே மாட்டேங்குறா. மழை பெய்யுது, சீக்கிரம் வாம்மான்னு அவதான் போன் பண்ணினாளாம். அதான் அம்மா வேகமா வந்தாங்க, நான்தான் கொன்னுட்டேன்னு சொல்லிச் சொல்லி அழறா."

பதினொரு வயசுப் பொண்ணு. என் பாவத்தை அது சுமக்குது. ஜெயிலோ உதையோ, எது வந்தாலும் வரட்டும்னு நினைச்சேன். சொல்லிடணும். டிக் போட்ட டயர் இருக்கே, அதைவிடச் சாட்சி வேணுமா?

"ஒரு நிமிஷம் இருங்க" அப்படின்னு சொல்லிட்டுப் பின்பக்கம் ஓடினேன்.

தார்ப்பாய் மடிச்சு வச்சிருந்துச்சு. கீழ வெறும் தரை.

முதலாளி கிராம்பு மென்னுக்கிட்டே வந்தார். "அந்த நாலா? காலைல நீ வர்றதுக்கு முன்னாடியே போட்டுக் குடுத்துட்டேன். பட்டன் பாதிக்கு மேல இருக்கு, குப்பையிலயா போடச் சொல்றே?"

"யாருக்கு?"

"வெள்ளை வண்டிப்பா. போற வழியில வந்தவங்க. பேரு ஊரெல்லாம் யாரு கேட்டா?"

"நம்பர்...?"

"உள்பக்கம்தான். நீ எனக்குச் சொல்லித் தரணுமா?"

திரும்பி வந்து அவர்கிட்ட வெறும் வாயாலதான் சொன்னேன். ஒண்ணு விடாம சொன்னேன். அவர் என் தோள்ல கையை வச்சார்.

"எங்க ஆறுதலுக்காக உங்க மேலயே பழி போட்டுக்கிறீங்களே தம்பி. நல்ல மனசு உங்களுக்கு. ஆனா அந்த டயரை நானே கண்ணால பார்த்தேனே."

போயிட்டார்.

அன்னிக்கே வேலையை விட்டுட்டேன். விட்டு யாருக்கு என்ன லாபம்? நாலு மாசமா வெள்ளை வண்டி எங்க நின்னாலும் குனிஞ்சு பார்த்துட்டுத் திரியறேன். ரெண்டு இடத்துல திருடன்னு நினைச்சு அடிச்சிருக்காங்க.

அதனாலதான் உங்ககிட்ட சொல்றேன். பயம் காட்ட இல்ல. உங்க வண்டி வெள்ளையா? சமீபத்துல டயர் மாத்தினீங்களா? போய்ப் பாருங்க. நாலு நம்பர் வெளிப்பக்கம் தெரிஞ்சா நல்லது, தூங்குங்க.

தெரியலன்னா டார்ச் அடிச்சு உள்பக்கம் பாருங்க. மஞ்சள் டிக் இருக்கா? வால் நீளமா இருக்கா?

அது என் கை. தயவுசெஞ்சு மழைக்கு முன்னாடி கழட்டிடுங்க. அந்தப் பொண்ணுகிட்ட காட்ட எனக்கு அது வேணும்.